கார்டுக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?

குடும்பத்துல ஒருத்தன் சாஃப்ட்வேர்ல இருந்தா போதும், யார் வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கினாலும் அவனுக்குத்தான் போன் வரும். எங்க வீட்டுல அது நான் :-)

இந்த முறை கேட்டது அத்தை பையன். கோயமுத்தூர்ல பம்பு, வால்வு டிசைன் பண்ணிட்டு இருந்தவன், வேலையை விட்டுட்டு சொந்தமா வரைஞ்சு குடுக்கப் போறான். சாலிட்வொர்க்ஸ் லைசென்ஸ் வேலை குடுக்கிற கம்பெனியோடது. கம்ப்யூட்டர் மட்டும் இவன் பொறுப்பு. கையில இருக்கிறது அத்தை சீட்டு எடுத்த 1,20,000 ரூபாய். கடையில குடுத்த கொட்டேஷன்ல அதுல பாதி ஒரே ஒரு கேமிங் கார்டுக்குப் போயிருந்தது.

"ஏனுங்ணா, இதுல எந்த கேமும் பறக்கும்கறாங்க. அப்ப சாலிட்வொர்க்ஸ் பறக்காதுங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனா கேம் பெரும்பாலும் டைரக்ட்3டி வழியா கார்டோட பேசும். சாலிட்வொர்க்ஸ் பேசுறது ஓபன்ஜிஎல். தொழில்முறை கார்டுலயும் கேமிங் கார்டு குடும்பத்துச் சிப்புதான் இருக்கு. கூடுதல் காசு முக்கியமா டிரைவருக்கும், சாஃப்ட்வேர் கம்பெனி சோதிச்சுக் குடுக்கிற சான்றுக்கும்தான். சாலிட்வொர்க்ஸ் சான்று குடுக்கிறது தொழில்முறை கார்டுக்கு மட்டும். ரியல்வியூ மாதிரி வசதியும் அதுலதான் ஒழுங்கா வரும். ஆட்டோகேட், இன்வென்டர்னா கதை வேற. அதுங்க டைரக்ட்எக்ஸ் பக்கம், சாதா கேமிங் கார்டே நல்லா ஓடும். அதனால எந்த சாஃப்ட்வேர்ங்கிறதுதான் முதல் கேள்வி. எந்த கார்டுங்கிறது அப்புறம்.

இன்னொரு குழப்பம் பேருல. முன்னாடி ஜீஃபோர்ஸ்னா கேம், குவாட்ரோனா வேலைன்னு சின்னப் பையனுக்கும் தெரியும். 2020ல என்விடியா புது கார்டுகளுக்குக் குவாட்ரோங்கிற பேரையே விட்டுருச்சு. இப்ப ரெண்டு பக்கமும் ஆர்டிஎக்ஸ். முன்னாடி ஜீஃபோர்ஸ்னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

அதைவிட முக்கியம், நம்ம வேலை எங்க நிக்குதுங்கிறது. பழைய ஆபீஸ் மெஷின்ல இருக்கிறதுலயே பெரிய அசெம்ப்ளியைத் திறந்து, டாஸ்க் மேனேஜரைப் பக்கத்துல வெச்சுக்கச் சொன்னேன். மாடலைச் சுத்தும்போது ஜிபியூ 100ல போய் நின்னா கார்டு பத்தலை. ரீபில்ட் பண்ணும்போது காத்திருக்க வேண்டியிருந்தா ப்ராசசர். ஒவ்வொரு ஃபீச்சரும் முந்தினதை நம்பி நிக்கிறதால, ரீபில்ட் பெரும்பாலும் ஒரே கோர்லதான் ஓடும். 16 த்ரெட் இருக்கிற மெஷின்ல ஒரு த்ரெட் மூச்சு முட்டினாலும் மொத்தக் கணக்குல 6 சதவீதம்னுதான் காட்டும். மெஷின் சும்மா இருக்குன்னு நினைச்சு கார்டு மேல பழியைப் போடுவோம். த்ரெட் வாரியா பிரிச்சுப் பார்த்தாத்தான் குட்டு உடையும்.

அவனுக்கு ஜிபியூ பாதியைக்கூடத் தாண்டலை. ஒரு கோர் மட்டும் எரிஞ்சுது.

அதனால 8 ஜிபி டி1000 கார்டு ஒண்ணு. 50 வாட்டுக்குள்ள முடியும், தனி பவர் கேபிள் வேண்டாம், சின்ன யூபிஎஸ் தாங்கும். மிச்சக் காசு வேகமான ப்ராசசருக்கும் 32 ஜிபி ரேமுக்கும். அதுக்கப்புறமும் கொஞ்சம் நின்னுது. அதுக்கு ஒரு ஸ்பேஸ்மவுஸ் வாங்குடான்னேன். "மவுஸுக்கு இவ்வளவாங்ணா!"ன்னு கத்தினான்.

அவன் வலது மணிக்கட்டுல ஒரு வருஷமா பட்டை கட்டிட்டு இருக்கான். சாலிட்வொர்க்ஸ்ல மாடலைத் திருப்பணும்னா நடு பட்டனை அழுத்திப் பிடிச்சு இழுக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவைன்னு யாரும் எண்ணலை. ஸ்பேஸ்மவுஸ் இடது கைக்கு. மேல இருக்கிற குமிழைத் தள்ளலாம், தூக்கலாம், சாய்க்கலாம், திருகலாம், மாடல் அப்படியே வரும். இது ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்துல ரோபோவை இயக்குறதுக்காகப் பண்ண ஆராய்ச்சியில இருந்து வந்தது. 1993ல கொலம்பியா ஓடத்துல போன ரோடெக்ஸ் ரோபோ கையை அந்த மாதிரி ஆறு திசைக் கருவியாலதான் இயக்கினாங்க.

முதல் மூணு நாள் புலம்பல். "குமிழைத் தொட்டா பம்பு பொள்ளாச்சிக்குப் போயிருதுங்ணா." வேகத்தைக் குறைச்சு வெக்கச் சொன்னேன். ரெண்டு வாரத்துல கை பழகிருச்சு. இடது கை திருப்ப, வலது கை வரையுது. மணிக்கட்டு முழுசா சரியாகலை, டாக்டர் சொன்ன பயிற்சியும் நடக்குது. ஆனா சாயங்காலம் டம்ளரைத் தூக்க இடது கையைத் தேடறது நின்னுருச்சுன்னு அத்தை சொல்றாங்க.

கார்டு பழசானா வித்துட்டு வேற வாங்கலாம். மணிக்கட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கிடையாது மக்களே. கொட்டேஷன்ல முதல் வரியில எது இருக்கணும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.