கயிற்றுக்கு அப்பால்

நாடக அரங்குகளைப் பற்றி எழுதப் புகுந்த நாம், அரங்கென்று சொல்லத் தகாத ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். நெகிரி செம்பிலானில், தெமியாங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மாரியம்மன் திருவிழாவின் மூன்றாம் இரவு நாடகம் நடப்பது வழக்கம். பந்தலுக்கு மூங்கில் நட்டு, அத்தாப்புக் கூரை வேய்வோரில் நம் தந்தையாரும் ஒருவர். பால்வெட்டு முடிந்து வந்து, கூலி என்ற பேச்சே இன்றி, மூன்று மாலைகள் உழைப்பார்.

நாடக இரவன்றோ, முன்னே துரைக்கும் பெரிய கிராணியாருக்கும் சாய்வு நாற்காலிகள். அவற்றின் பின்னே கங்காணிமாருக்கும் கடைக்காரருக்கும் பலகைகள். அதற்கும் பின்னே குறுக்காக ஒரு கயிறு. கயிற்றுக்கு அப்பால் சாக்கு விரித்து மற்றையோர். அம்மற்றையோருக்குள்ளும் சாதி பார்த்து இடம் விட்டு உட்கார்ந்ததை மறைப்பானேன்? கடல் கடந்து வந்தவர்கள் ஊரில் எதை எதையோ விட்டுவிட்டு வந்தார்கள். இதை மாத்திரம் மூட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஓர் ஆண்டு துரை வரவில்லை. காலியாய்க் கிடந்த நாற்காலியில், ஏழு வயதுச் சிறுவனாகிய நாம் ஏறி உட்கார்ந்தோம். ஒரு கை நம் காதைப் பற்றித் தூக்கிக் கயிற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது. தந்தையார் எழுந்தார், பின் உட்கார்ந்துகொண்டார். அன்று அரிச்சந்திர நாடகம். மயான காண்டத்தில் கூட்டமெல்லாம் அழுதது. நாமும் அழுதோம், அரிச்சந்திரனுக்காக அல்ல.

நிற்க. பின்னாளில் சென்னைக்குச் சென்றபோது, சென்டிரல் புகைவண்டி நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே விக்டோரியா பொது மண்டபத்தின் எதிரே நெடுநேரம் நின்றோம். 1883-இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டிய மண்டபம் அது. வரைந்தவர் சிஷோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். நன்கொடை தந்தவர்கள் மகாராஜாக்களும் கனவான்களும்; பெயரைப் பெற்றவரோ இந்திய மண்ணையே மிதித்தறியாத ஓர் அரசியார்! 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களுடன் தொடங்கிய சுகுண விலாச சபை இம்மண்டபத்தில் பல நாடகங்களை நடத்திற்று. கூத்தாடி என்று ஊரார் இழித்துப் பேசிய தொழிலில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் புனைந்து இறங்கியது சிறு காரியமன்று. அதன்பொருட்டு அச்சபையை நாம் மதிக்கிறோம். ஆயினும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை ஊரூராய்ச் சுமந்து திரிந்த பாலர் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் வாய்த்தது தகரக் கொட்டகையே. செங்கல்லில் ஒரு நாடகம், தகரத்தில் ஒரு நாடகம் என்று தமிழ்க்கலை இரண்டு கூரைகளின் கீழ் வாழ்ந்தது. மண்டபத்தின் முன் நின்ற நமக்கோ அந்தக் கயிறே நினைவுக்கு வந்தது.

கயிறில்லாத அரங்கு உலகில் எங்கேனும் உண்டா? நாம் படித்தறிந்தவரையில், ஒன்று இருந்தது ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில். ‘ஃபோல்க்ஸ்பியூனெ’ என்பது அதன் பெயர். மக்கள் மேடை என்று பொருள். 1890-இல் புரூனோ வில்லெ என்னும் எழுத்தாளர் விடுத்த அழைப்பின்பேரில் அது ஒரு சங்கமாகத் தோன்றிற்று. பொதுமேடைகளின்மீது போலீஸ் தணிக்கை இருந்த காலம். உறுப்பினருக்கு மட்டும் ஆடிக்காட்டும் சங்கமாயின் தணிக்கைக்குத் தப்பலாம் என்பது அவர்கள் கண்ட உபாயம். தொழிலாளிக்கு ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகலில், வாடகை அரங்கில், இப்சனின் ‘சமுதாயத்தின் தூண்கள்’ முதலில் ஆடப்பட்டது.

நம்மைத் திடுக்கிட வைத்தது இவை எதுவுமன்று. சந்தா எல்லாருக்கும் ஒன்றே. இடமோ, கலயத்தில் கைவிட்டு எடுத்த சீட்டின்படி! கைக்கு வந்த எண் எதுவோ அதுவே அன்றைய இருக்கை. இரும்புப் பட்டறைக்காரர் முதல் வரிசையில் அமரலாம். சங்கத் தலைவர் தூணின் மறைவில் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கலாம்.

குடவோலை நமக்குப் புதிதா என்று வாசகர் கேட்கக்கூடும். புதிதன்று, பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் அது உண்டு. ஆனால் அக்குடத்தில் தன் பெயரைக் காண ஒருவனுக்குக் கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டியிருந்தன. பெர்லின் கலயத்துக்குச் சந்தாக் காசு போதும்.

இருபத்து நான்கு ஆண்டுகள் வாடகை அரங்குகளில் கழித்தபின், 1914 டிசம்பர் 30-ஆம் நாள் அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் வாய்த்தது. அமைத்தவர் ஆஸ்கர் காவுஃப்மன். உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசும் நகரசபை கொடுத்த கடனும் அதில் அடங்கும். “கலை மக்களுக்கே” என்பது அவர்கள் எழுதிவைத்த வாசகம். உலகப்போர் மூண்டு ஐந்து திங்கள் ஆகியிருந்த வேளை அது. 1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் சங்கத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். கட்டடத்தின் முன்னுள்ள சதுக்கத்துக்குத் தங்கள் கட்சியான் ஒருவன் பெயரையும் சூட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் கட்டடம் குண்டுக்கு இரையாயிற்று. முன்னைய அலங்காரம் குன்றிய கோலத்தில் 1954-இல் மறுபடி திறந்தது. இன்று அச்சதுக்கம் 1919-இல் கொல்லப்பட்ட ரோசா லுக்சம்பர்க் அம்மையார் பெயரைத் தாங்குகிறது. கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் முகவரி ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டிருந்த விந்தையை என்னென்போம்!

இனி நம் கதைக்கு வருவோம். நாம் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள். சென்ற ஆண்டு தெமியாங் வட்டாரத்தில் இளைஞர் சிலர் ஒரு மண்டபத்தில் நாடகம் நடத்த முனைந்து, ஏற்பாட்டுக் குழுவில் நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கி இடம் கொடுப்போம் என்றோம். குழுவினர் முதலில் சிரித்தார்கள். பிறகு, “நன்கொடை தந்தவர்கள் கோபித்துக்கொள்வார்களே, ஐயா” என்றார் பொருளாளர். இரண்டு மணி நேர வாதத்துக்குப்பின் தீர்மானம் நிறைவேறிற்று, முதல் வரிசை நீங்கலாக.

நாடக இரவில் வாயிலில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தார்கள். நமக்கு வந்தது கடைசி வரிசை. பக்கத்து இருக்கையில் நகரத்துக் கடை முதலாளி ஒருவர், ஒன்றும் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி இருந்தார். நமக்கும் சரியாகத் தெரியவில்லை. எதிரே, வெள்ளைத் துணி போர்த்த முதல் வரிசையில் நான்கு நாற்காலிகள், வராதவர்களுக்காகக் கடைசிவரை காலியாகவே கிடந்தன. ஒரு சிறுமி அவற்றில் ஒன்றன் அருகே போய்ச் சற்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.