வாஷிங்டனில் கைகள் பேசும் கல்லூரி

அமெரிக்கா போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "நயாகரா பார்த்தீங்களா டீச்சர்?" பார்த்தேன். நிறையத் தண்ணீர். ஆனால், மனசில் நிற்பது வேறொரு இடம்.

மகள் வீடு வாஷிங்டன் பக்கம் ராக்வில்லில். பேத்திக்கு ஐந்து வயது. அவளுடைய கிண்டர்கார்டன் வகுப்பில் காது கேளாத சிறுமி ஒருத்தி படிக்கிறாள். அவளோடு பேசிப் பேசி, பேத்தி தன் பெயரை விரல்களாலேயே எழுதிக் காட்டுவாள். நான் வியந்து பார்ப்பதைக் கவனித்த மகள், "அம்மா, இவங்களுக்குன்னே இங்க ஒரு யுனிவர்சிட்டி இருக்கு, போலாமா?" என்றாள்.

போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கத்து கிராமத்தில் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். 1994-ல் என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். பிறவியிலேயே காது கேட்காது. 'அ' என்று போர்டில் எழுதினால் அச்சு வார்த்த மாதிரி எழுதுவான், கோலம் போடுகிற மாதிரி. ஆனால், அந்த எழுத்துக்கு அர்த்தம் உண்டு என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நான் "அ... அணில்" என்று கத்திக் கத்திச் சொல்வேன். அவன் என் வாயையே பார்த்துச் சிரிப்பான். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். "இவனுக்குப் படிப்பு வராதும்மா" என்று அவன் அம்மாவிடம் சொன்னது நான்தான்.

ரெட் லைன் மெட்ரோவில் 'நோமா - கேலடெட் யூ' என்ற ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான் கேலடெட் பல்கலைக்கழகம். 1864-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டு, பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரி. பாடம், அரட்டை, காதல், சண்டை எல்லாமே இங்கே சைகை மொழியில்தான்.

சத்தமே இருக்காது என்று நினைத்துப் போனேன். தப்பு. சிரிப்புச் சத்தம் பலமாகவே கேட்டது. கூப்பிடுவதற்கு மேஜையைத் தட்டுகிறார்கள், தரையைக் காலால் உதைக்கிறார்கள். அந்த அதிர்வில் எதிரே இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார்.

2008-ல் திறந்த சோரன்சன் கட்டடத்தை அவசியம் பார்க்க வேண்டும். கண்ணால் பேசுகிறவர்களுக்காக யோசித்து யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். கைகளால் பேசிக்கொண்டே இரண்டு பேர் சேர்ந்து நடக்க அகலமான பாதை. பேச்சைப் பாதியில் நிறுத்திக் கதவைத் தள்ள வேண்டாம், தானே திறக்கும். எதிரே வருகிறவர் தெரிய நிறையக் கண்ணாடி. சுவரின் நிறத்தைக்கூட, முன்னால் அசையும் கை பளிச்சென்று தெரிகிற மாதிரி தேர்ந்தெடுப்பார்களாம். என் வகுப்பறையின் ஒரே ஜன்னல் எனக்குப் பின்னால் இருந்தது ஞாபகம் வந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாகத் தெரிந்த என் முகத்தில் அந்தப் பையன் எந்த வாயசைவைப் பார்த்திருப்பான்?

சேப்பல் ஹால் அருகில் ஒரு வெண்கலச் சிலை. நாற்காலியில் அமர்ந்த ஒரு மனிதர், அவரை ஒட்டி நிற்கும் ஒரு சிறுமி. அவளுடைய வலது கை, கட்டைவிரல் பக்கவாட்டில் நிமிர மடங்கியிருக்கிறது. பேத்தி உடனே, "ஆச்சி, இது 'ஏ'!" என்றாள்.

முந்தின நாள் லிங்கன் நினைவகத்தில் பார்த்தோமே பிரமாண்ட லிங்கன், அதை வடித்த டேனியல் செஸ்டர் ஃப்ரெஞ்ச்தான் 1889-ல் இதையும் செய்தார். அந்த லிங்கனின் விரல்கள் 'ஏ', 'எல்' என்று காட்டுவதாக ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

சிலையில் இருப்பவர் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட். சிறுமி ஆலிஸ் காக்ஸ்வெல். 1814, ஹார்ட்ஃபோர்டு நகரம். காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்த ஒன்பது வயது ஆலிஸ் மற்றக் குழந்தைகளிடமிருந்து ஒதுங்கி நிற்கிறாள். பக்கத்து வீட்டு கேலடெட் தன் தொப்பியைக் காட்டிவிட்டு, மண்ணில் ஒரு குச்சியால் 'தொப்பி' என்று ஆங்கிலத்தில் எழுதினாராம். மறுபடி தொப்பி, மறுபடி எழுத்து. அவளுக்குப் புரிந்துவிட்டது.

இதை மகள் சொல்லச் சொல்ல, சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வகுப்புக்கு வெளியே ஒரு வேப்பமரம் உண்டு. அதில் நாள் முழுக்க அணில் ஓடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் பையனை வெளியே கூட்டிப்போய் அணிலைக் காட்டி, மண்ணில் எழுதியிருக்கலாம். சத்தத்தின் வழியாகத்தான் எழுத்துக்குள் போக முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொப்பியோடு கேலடெட் நிற்கவில்லை. ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, பாரிஸிலிருந்து லோரான் கிளேர் என்ற காது கேளாத ஆசிரியரையே அழைத்து வந்தார். 1817-ல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தபோது முதல் மாணவர்களில் ஆலிஸும் ஒருத்தி. கேலடெட்டின் மனைவி சோஃபியாவும் அங்கே படித்த, காது கேளாத பெண்தான். அம்மாவிடம் சைகையில் பேசி வளர்ந்த அவர்களின் கடைசி மகன் எட்வர்டுதான் வாஷிங்டன் கல்லூரியின் முதல் தலைவர்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, "இனி சைகை வேண்டாம், வாய்ப்பேச்சு மட்டுமே" என்று தீர்மானம் போட்டது. எட்வர்டு எதிர்த்தும் நடக்கவில்லை. பல தலைமுறைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேர்ந்தது. அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆனது.

வீட்டில் பேத்தியிடம் இந்தக் கல்லூரி ஆய்வு மையம் 2013-ல் வெளியிட்ட 'தி பாவோபாப்' என்ற கதை ஆப் இருக்கிறது. பாவோபாப் என்றால் நம் ராமநாதபுரம் பக்கத்துப் பப்பரப்புளி மரம். கதையை ஒருவர் சைகை மொழியில் முகமும் கையுமாக நடித்துச் சொல்கிறார். கீழே ஆங்கில வரிகள். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் சைகை வரும், விரலால் எழுத்துக்கூட்டியும் காட்டுவார்கள். கேலடெட் மண்ணில் குச்சியால் செய்ததேதான், இப்போது கண்ணாடித் திரையில். காது கேட்கும் என் பேத்தி இரண்டு மொழியையும் ஒன்றாகக் கற்றுக்கொள்கிறாள். அதற்கும் முன்பே 'செசமி ஸ்ட்ரீட்' டி.வி. நிகழ்ச்சியில், இதே கேலடெட்டில் படித்த லிண்டா போவ் என்ற காது கேளாத நடிகை 1971-லிருந்து முப்பது வருஷம் சைகையில் பேசி நடித்திருக்கிறார்.

"சைகை பழகினால் குழந்தைக்குப் பேச்சே வராது" என்று நம் ஊரில் நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் யாரோ அப்படிச் சொல்லி, அவள் பிள்ளையின் கையைத் தட்டிவிடுவாள். லாரா-ஆன் பெட்டிட்டோ என்ற ஆய்வாளர் 1991-ல் கண்டது வேறு. சைகை பேசும் வீட்டில் பிறந்த காது கேளாத கைக்குழந்தைகள், மற்றக் குழந்தைகள் "ப்பா... ப்பா..." என்று மழலை பேசும் வயதில், கையாலேயே மழலை பேசுகின்றன! பின்னாளில் அவர் இந்தக் கேலடெட்டுக்கே வேலைக்கு வந்தார்.

காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர், காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அப்பா அம்மாவுக்குச் சைகை தெரியாது. பிள்ளைக்குப் பேச்சு எட்டாது. ஒரு மொழியும் இல்லாமல் அந்த முதல் ஐந்து வருஷம் ஓடிவிட்டால், அதன்பின் எழுத்தைக் காட்டி என்ன பயன்? என் மாணவன் என்னிடம் வந்தது ஆறு வயதில்.

சாயங்காலம் ஹெச் ஸ்ட்ரீட்டில் உள்ள ஸ்டார்பக்ஸுக்குப் போனோம். 2018-ல் திறந்த கடை, ஊழியர்கள் எல்லோருக்கும் சைகை மொழி தெரியும். எனக்குத்தான் தெரியாது. அங்கே ஊமை நான்தான். எழுதிக் காட்ட வைத்திருந்த பலகையில் 'காபி, பால் அதிகம்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பரிமாறிய இளைஞருக்கு, பேத்தி சொல்லிக்கொடுத்தபடி விரல்களை மோவாயில் வைத்து முன்னால் கொண்டுபோனேன். நன்றியாம். அவர் முகம் மலர்ந்தது. காபி சுமார்தான்.

இந்தியாவிலும் வேலை தொடங்கியிருக்கிறது. டெல்லியில் 2015-ல் அமைந்த இந்திய சைகை மொழி ஆய்வு மையம், 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டிருக்கிறது. செல்போனிலேயே பார்க்கலாம், நான் தினமும் ஐந்து சொல் பார்க்கிறேன். அவ்வளவு ஏன், மிஸ் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி பாளையங்கோட்டையில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். 1994-ல் அது எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

அந்தப் பையன் இப்போது சங்கரன்கோவிலில் பெயர்ப்பலகை எழுதுகிறான். கையெழுத்து அதே அச்சு வார்ப்பு. பேப்பரில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து அப்படியே வரைகிறான்.

திரும்பும் ரயிலில் பேத்தி ஏ, பி, சி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் என் விரல்களை மடக்கிக் காட்டினாள். நடுவில் நிறுத்தி, "ஆச்சி, தமிழ் 'அ'வுக்குக் கையை எப்படி வைக்கணும்?" என்று கேட்டாள்.

"தெரியலையே கண்ணு. ஊருக்குப் போனதும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.