விரலுக்கேற்ற வீக்கம்

மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்டுபவர்களிடம் எந்தப் பாகம் முக்கியம் என்று கேட்டுப் பாருங்கள். சக்கரம், கியர், பிரேக் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் கைப்பிடி என்பேன். வண்டி வேரில் ஏறினாலும் கல்லில் குதித்தாலும் அந்த அதிர்ச்சியை வாங்குவது நம் உள்ளங்கைகள் அல்லவா?

கோலாலம்பூரின் புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பழைய பால்மரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அவற்றிற்கிடையே ஆர்வலர்கள் அமைத்த ஒற்றையடிப் பாதைகளில்தான் நாங்கள் வார இறுதியில் ஓட்டுகிறோம். வேறொரு தோட்டத்தில் பால் வெட்டிய என் தாத்தாவும் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். அவர் வண்டியின் கைப்பிடி ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்திருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து போக அது வசதி. செங்குத்தான இறக்கத்திலோ, உடலைத் தாழ்த்தி எடையை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். அதனால்தான் மலை மிதிவண்டிக்கு ஏறக்குறைய நேரான, அகலமான கம்பி.

எவ்வளவு அகலம்? 1990களில் 600 மில்லிமீட்டருக்கும் குறைவான கம்பிகள் சாதாரணம். இன்று 740 முதல் 800 வரை பார்க்கலாம். அகலம் கூடினால் நெம்புகோலின் நீளம் கூடுகிறது. கல்லில் மோதி முன்சக்கரம் திரும்பப் பார்த்தாலும் குறைந்த பலத்தில் அடக்கிவிடலாம்.

ஆனால் நான் ஐந்தடி உயரமே உள்ளவள். மூத்த மாணவர் ஒருவரிடம் வாங்கிய என் வண்டியில் 800 மி.மீ. கம்பி இருந்தது. "அகலமா இருந்தாத்தான் கன்ட்ரோல் தங்கச்சி, போகப் போகப் பழகிடும்" என்றார் அண்ணன். இரண்டு மாதமாகியும் தோள்வலி தீரவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய், மறுநாள் விரிவுரையில் பேனா பிடிக்கவே சிரமம். அந்த இரு விரல்களுக்கும் போகும் அல்நார் நரம்பு, உள்ளங்கையின் ஓரமாகச் செல்கிறது. தொடர்ந்து அழுத்தமும் அதிர்வும் பட்டால் மரத்துப்போவதோடு நிற்காது; விரல்களின் பலமும் குறையலாம். தேர்வு எழுத வேண்டிய கை அல்லவா!

சரியான அகலத்தை அறிய எளிய வழி உண்டு. தரையில் தண்டால் எடுப்பதுபோல் கைகளை ஊன்றுங்கள். எந்த இடைவெளியில் பலமாகவும் இயல்பாகவும் இருக்கிறதோ, அதை ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 720 வந்தது. உடனே அறுக்கவில்லை. பிரேக்கையும் கிரிப்பையும் உள்ளே தள்ளி வைத்து மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்த பிறகே பக்கத்துக்கு 40 மி.மீ. அறுத்தோம். அறுத்ததை ஒட்ட முடியாதே! தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச அகலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்பன் கம்பியானால் பொடி நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் அவசியம்.

அகலம் மட்டும் போதாது. தட்டையான கம்பி உடலை முன்னால் தாழ்த்துவதால் ஏற்றத்திற்கு நல்லது. 20 முதல் 40 மி.மீ. உயர்ந்த கம்பி, கைகளை உயர்த்தி இறக்கத்தில் நம்பிக்கை தரும். முனைகள் சில பாகை பின்னால் சாய்ந்திருப்பது மணிக்கட்டுக்கு இதம். ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதியின் விட்டம் 31.8, 35 என்று வேறுபடும். வாங்குமுன் பொருத்தம் பாருங்கள். பலமாக விழுந்து கீறலோ வளைவோ கண்ட கம்பியை மீண்டும் நம்பாதீர்கள்.

இப்போது என் விரல்கள் மரப்பதில்லை. நெருங்கி நிற்கும் இரண்டு பால்மரங்களுக்கிடையே இறங்காமலே நுழைந்துவிடுகிறேன். அகன்ற தோளுடைய அண்ணனோ இன்னும் 800 மி.மீ. கம்பியில்தான் ஓட்டுகிறார். அவருக்கு அதுவே சரி.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். கடைக்குப் போகும் நண்பர்களே, பக்கத்து வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் உங்கள் தோளை அளந்துகொண்டு போங்கள்.