சோழவரம் வரை ஒரு ஹெரால்டு

"இருக்கிற ஸ்கூட்டரை நிறுத்தவே இடமில்லை. இதில் அறுபது வயசுக் கிழட்டுக் கார் வேறயா?" என்றாள் சகதர்மிணி. ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் நண்பர் இன்னும் நாகரிகமாகக் கேட்டார்: "டாக்டரைப் பார்த்தீங்களா சார்?"

விஷயம் இதுதான். செங்குன்றத்தில் ரிடையரான அரிசி வியாபாரி ஒருவரிடம் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, விலைக்கு இருப்பதாகத் தகவல். இரண்டே முக்கால் லட்சம். "ஜிப்ஸி எஞ்சின் மாட்டியிருக்கு தம்பி. பறக்கும்!" என்று போனிலேயே ஆசை காட்டினார்.

ஹெரால்டைத் தெரியாத இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் டிரையம்ப் கார் அது. உடம்பை வடிவமைத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். இங்கே 1961 முதல் வண்டலூர் பக்கம் தயாரானது. இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் அங்கே ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். ஸ்பிட்ஃபயருக்கு நாம் கொடுத்து வைக்கவில்லை. அதனால் என்ன? சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், ரேஸ் நடந்த நாட்களில் ஹெரால்டையே கழற்றி மாட்டி விரட்டினார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அங்கே முகர்ந்த பெட்ரோல் வாசனை என் மூக்கை விட்டுப் போகவே இல்லை. (சகதர்மிணிக்கு இது புரியாது. அவள் திருச்சி.)

தனியாகப் போனால் தலையில் கட்டிவிடுவார்கள் என்று புதுப்பேட்டைக்குப் போய் ஒரு மெக்கானிக் பாயைப் பிடித்தேன். எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவில் அது தனி ராஜ்ஜியம். கதவெல்லாம் ஒரு கடை, கண்ணாடியெல்லாம் ஒரு கடை. முழுசாக உள்ளே போகிற கார் தராசு வழியாகத்தான் வெளியே வரும். பாய் ஒரு கியர் பாக்ஸுக்குள் கையை விட்டபடியே கதை கேட்டார். "ஹெரால்டா? வரேன் சார். காசு வேணாம், பிரியாணி போதும்."

மூலக்கடை, மாதவரம், புழல் என்று அவர் ஸ்கூட்டரில் பயணம். புழல் ஜெயிலைத் தாண்டும்போது ஏனோ மனசு திக்கென்றது. அதற்குக் காரணம் பிறகு தெரிந்தது.

அரிசி மில் ஷெட்டில் வண்டி நின்றது. பச்சை நிறம், மேலே ஒரு படி தவிட்டுத் தூசி. ஹெரால்டின் பானெட்டைத் தூக்குவதே ஒரு காட்சி. மட்கார்டோடு சேர்ந்து முன்பாதி முழுக்க முதலை வாய் மாதிரி முன்பக்கம் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பாய் உட்கார்ந்தார். டார்ச் அடித்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"ஓட்டிப் பாப்போம் சார்" என்றார்.

சோழவரம் ரோட்டில் திருப்பினேன். ஆஹா! பழைய 948 சி.சி. எஞ்சின் சுமார் 35 குதிரை. இது அறுபது குதிரை. மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. 25 அடி இடம் கிடைத்தால் போதும், ஆட்டோ மாதிரி யூ டர்ன் அடிக்கிறது. எதிரே மூட்டை லாரி ஒன்று குறுக்கே திரும்பும் வரை நான் அப்பாவின் தோளில்தான் இருந்தேன். பிரேக்கை மிதித்தேன். மறுபடி மிதித்தேன். குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். லாரியின் 'ஹாரன்' எழுத்து மூக்கை உரசும் தூரத்தில் வண்டி நின்றது.

"போவும் சார். நிக்கிறதுதான் கஷ்டம்" என்றார் பாய், நிதானமாக. "எஞ்சின் மட்டும்தான் புதுசு. பிரேக்கு அந்தக் காலத்து டிரம்மு. பின்சக்கரம் ரெண்டும் ஊஞ்சல் மாதிரி தனித்தனியா ஆடும். வளைவுல வேகமாப் போயி திடீர்னு காலை எடுத்தீங்க, சக்கரம் உள்ள மடிஞ்சிக்கும்."

"பார்த்தவுடனே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேக்கற அடாப்டர் பிளேட்டு நான் கடைஞ்சது சார். இருபது வருஷம் இருக்கும். அப்ப வண்டி வெள்ளைக் கலரு. பிரேக்கையும் மாத்துங்கன்னேன். முன்னாடி வெச்சிருந்தவரு கேக்கலை."

ஷெட்டுக்குத் திரும்பி ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். அதில் பழைய எஞ்சின் நம்பரே இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி எஞ்சின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கிப் பதியவேண்டும். பதியாத எஞ்சினோடு நாளைக்கு யார் மேலாவது இடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிப்பார். புழல் ஞாபகம் மறுபடி வந்தது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் 'வின்டேஜ்' நம்பர் கொண்டுவந்தார்கள். இருபதாயிரம் கட்டினால் பத்து வருடம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எல்லாம் பிறந்த மேனிக்கு இருக்கவேண்டும். எஞ்சின் மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கோவை கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் காரைச் செய்தார். ஆனால் அவர் அந்த எஞ்சினுக்கு ஏற்ற வண்டியைக் கட்டினார். இங்கே நடந்ததோ, தாத்தா நெஞ்சில் பேரனின் இதயம்.

"யோசித்துச் சொல்றேன்" என்றேன். பெரியவர் உடனே விலையில் முப்பதாயிரம் குறைத்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

பிரியாணிக் கடையில் பாய் எலும்பைக் கடித்தபடி சொன்னார்: "ஒண்ணு சார். சேசிஸ்ல நான் வெல்டிங் வைக்கலை. எல்லாம் போல்ட்டுதான். கழட்டினா பழையபடி ஆயிடும். அந்த 948 பிளாக்கு கூட என் கடைப் பரண்லதான் இருக்கு. எடைக்குப் போட மனசு வரலை."

கையைக் கழுவாமலே ஸ்கூட்டரில் ஏறினேன். பரணில் ஏறி, சாக்கை விலக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார் பாய். நான் ஆர்.சி. ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அத்தனையும் ஒத்துப்போனது.

பெரியவருக்கு அங்கிருந்தே போன். இன்னொரு இருபதாயிரம் குறைத்து வண்டியை முடித்தாயிற்று. பிளாக்குக்கு என்ன விலை என்று பாய் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

"முதல்ல வூட்ல சொல்லிட்டு வா சார்" என்கிறார்.