ஒரு காது

மகன் கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுபவன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சுவர்கள் அத்தனை தடித்தவை அல்ல. ஓரிரவு அம்மா எழுந்துவந்து, "தம்பி, செல் எங்க விழுகுது?" என்று கேட்டார். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர் அவர். மறுநாளே வயர்லெஸ் ஹெட்போன் வாங்கப் புறப்பட்டேன்.

முதலில் வாங்கியது புளூடூத். கடைக்காரர் அதன் நிறத்தைத்தான் அதிகம் புகழ்ந்தார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். படத்தில் வாய் அசைந்த பின்னரே குரல் வந்தது. மகனோ, சுட்ட பிறகுதான் சத்தம் கேட்பதாகச் சலித்துக்கொண்டான். ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் விரிப்பதற்குள் சாதாரண புளூடூத்தில் சுமார் 200 மில்லிசெக்கன் கழிந்துவிடுகிறது. படமென்றால் காட்சியையும் அதே அளவு தாமதப்படுத்திச் சரிசெய்யலாம். விளையாட்டில் அது இயலாது. அவன் எப்போது சுடுவான் என்பது கருவிக்கு முன்கூட்டித் தெரியாதே!

ஆகவே, யூஎஸ்பி துளையில் செருகும் டொங்கிளுடன் வரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வகையை வாங்கினேன். புளூடூத்தும் அதே அலைவரிசைதான். எனினும் இது வேகத்துக்கென்றே அமைக்கப்பட்டது. தாமதம் எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மா இப்போது உறங்குகிறார். இரவில் நான் படம் பார்க்கும்போது மட்டும் ஒரு காதைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமல்லவா?