இதற்காகவே

"உன் பேரு என்னட்டி?" என்று அம்மா கேட்டாள். காலை ஆறரை மணி இருக்கும். டயப்பரை மாற்றிவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்து அவள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொன்னேன். "யாரு வச்சா?" என்றாள். "நீதான் வச்ச" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்க்கும் டீச்சர் முகம் அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளை மறந்துபோய்த்தான் கேட்டாள், ஆனால் கேட்டது ஞானோபதேசத்தின் முதல் இரண்டு கேள்விகளை.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகள் ஆங்கிலிக்கன் மிஷனரிகளால் உருவானவை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்த பிறகும் அந்தப் பழைய வினாவிடை எங்கள் ஊரில் வழக்கொழியவில்லை. அது பிள்ளையின் பெயரைக் கேட்பதில் தொடங்கும். அடுத்து, அந்தப் பெயரைக் கொடுத்தவர் யார் என்று கேட்கும். பெற்றோர் என்றால் தப்பு. ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோர் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். அம்மா பகலில் தொடக்கப் பள்ளி டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பாடசாலை டீச்சர். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த இரண்டு கேள்விகளை ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள். நானும் என் தம்பியும் அந்த வரிசையில் உட்கார்ந்தவர்கள்தான். ஆங்கில மூலத்தில் முதல் கேள்விக்குரிய பதிலின் இடத்தில் 'என்' அல்லது 'எம்' என்று இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும். எந்தப் பிள்ளை வந்து உட்கார்கிறதோ அதன் பெயரை அங்கே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்களின் கதை வேறு. 1647இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, மனிதனின் தலையாய நோக்கம் என்ன என்பதில்தான் தொடங்கும். கடவுளை மகிமைப்படுத்துவதும் அவரில் என்றென்றும் மகிழ்ந்திருப்பதும் என்பது பதில். அழகான பதில். அதிலும் அந்த 'மகிழ்ந்திருப்பது' எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் ஒரு பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது எது, நீ யார் என்பதா, நீ எதற்கு என்பதா? நாற்பது வயதைத் தாண்டும்வரை இந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டதே இல்லை.

பட வைத்தவர் சபையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு பெரியவர். அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். "தம்பி குடும்பஸ்தன். அவனுக்கு ஆயிரம் பொறுப்பு. ஆண்டவர் உங்களை இதுக்காகவேதான் தனியா வச்சிருக்காரு, டீச்சர்" என்றார். நல்ல மனிதர். அன்போடுதான் சொன்னார். நானும் "ஆமென்" என்றேன். காப்பி கொடுத்தேன். அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவும்போதுதான் கை நடுங்கியது. முனைவர் பட்டம், இருபது வருட வகுப்புகள், மூன்று கவிதைத் தொகுப்புகள், நானே தேர்ந்துகொண்ட தனிமை எல்லாமே அம்மாவின் மலத்தை அள்ளுவதற்கான முன்னேற்பாடு என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குக் கடவுளையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு இரவில் தூக்கம் கிடையாது. எனக்கும் கிடையாது. அந்த இரவுகளில் வாசிக்கத் தொடங்கினேன். ஆய்வுக்காக வாசிக்கவில்லை, அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மனிதரைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்லும் முதல் செய்தி, அவர்கள் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இதை ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே சொல்கிறது. 'சாயல்' என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட சொல்லில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தொல்காப்பிய உரியியல் இந்தச் சொல்லுக்குச் சொல்லும் பொருள் மென்மை. ஒத்த தோற்றம் என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். கடவுளின் மென்மையில் படைக்கப்பட்டோம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சாயல் மனிதருக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டதில்தான் சிக்கல் தொடங்கியது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் திரித்துவம் பற்றி எழுதிய பெரிய நூலில் அதை மனத்தில் கொண்டுபோய் வைத்தார். நினைவு, அறிவு, சித்தம் மூன்றும் ஒன்றாய் இயங்கும் மனமே மூவொரு கடவுளின் சாயல் என்றார். பெண்ணைப் பற்றியும் அதே நூலில் பேசுகிறார். கணவனோடு சேர்த்துப் பார்க்கும்போது அவளும் சாயல், உதவியாள் என்ற நிலையில் தனியே பார்க்கும்போது சாயல் அல்ல. ஆணோ தனியாக இருந்தாலும் முழுச் சாயல் என்பது அவர் வாதம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: மனத்துக்கு ஆண் பெண் இல்லை, எனவே பெண்ணின் மனத்திலும் சாயல் உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு அதைப் படித்தபோது எனக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், போர்வையின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். நினைவு போனவள். அறிவு போய்க்கொண்டிருப்பவள். சித்தம் என்றால் கஞ்சியைத் துப்புவது மட்டும் மிச்சம். அவளைக் கவனித்துக்கொண்டிருந்த நானோ கணவன் இல்லாத உதவியாள். மாபெரும் அந்தப் புத்தகத்தில் எங்கள் இருவருக்கும் உட்கார இடம் இல்லை.

உதவியாள் என்ற சொல்லை மட்டும் நான் விடுவதாக இல்லை. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பெண்ணைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ஏசெர்'. எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு எபெனேசர் மேல் விழும். சாமுவேல் தீர்க்கதரிசி நாட்டிய கல்லின் பெயர் அது, உதவியின் கல் என்று பொருள். கடவுள் செய்த உதவிக்கு நாட்டிய கல். எலியேசரிலும் இதே ஏசெர்தான். விவிலியத்தில் இந்தச் சொல் வரும் இடங்களில் பெரும்பாலானவற்றில் உதவுபவர் கடவுள்தான். எடுபிடி வேலைக்கு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. அமெரிக்க விவிலிய அறிஞர் ஃபிலிஸ் டிரிபிள் 1970களில் இதை விரிவாக எழுதினார். தமிழ் மொழிபெயர்ப்பு 'துணை' என்ற சொல்லைப் போட்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். கடிதத்தின் தலையில் 'முருகன் துணை' என்று எழுதுகிறோம். எங்கள் தாத்தா 'கர்த்தர் துணை' என்று எழுதுவார். முருகனைக் கீழ்ப்படிதலுள்ளவனாக நினைத்து யாரும் அப்படி எழுதுவதில்லை. அதே சொல் பெண்ணிடம் வந்து 'வாழ்க்கைத் துணை' ஆனதும் கையில் கரண்டியைக் கொடுத்துவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடித்த இரவில் ஏதோ வென்றுவிட்டதுபோல இருந்தது. விடிந்ததும் அம்மாவின் படுக்கை நனைந்திருந்தது. சொல் உயர்ந்துவிட்டதால் துணி துவைக்கும் ஆள் மாறவில்லை. யோசித்தால் உயர்ந்த சொல்லில் ஆபத்து கூடுதல். துணையாயிருப்பது கடவுள் செய்யும் வேலை என்று மேடையில் சொன்னால், அந்தப் பெரியவர் முதல் ஆளாகக் கைதட்டுவார்.

ஒரு நாள் நடந்ததை எழுதியாக வேண்டும். விடைத்தாள் கட்டு ஒன்றை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா எழுந்து எழுந்து வாசலுக்குப் போனாள். அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். சற்று நேரம் கதவைத் தட்டினாள். பிறகு சத்தம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள், தன் அழுக்கின் நடுவே. "டீச்சர், இனிமே செய்ய மாட்டேன்" என்றாள்.

அந்த ஞாயிறு கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது என் பாவத்துக்குப் பெயர் தேடினேன். பெருமை என்பதுதான் மூலபாவம் என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். ரெய்ன்ஹோல்ட் நீபர் 1939இல் எடின்பரோவில் பேசத் தொடங்கி இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட, மனிதனின் இயல்பையும் முடிவையும் பற்றிய புகழ்பெற்ற நூலும் மனிதனின் பாவத்தை முதன்மையாகப் பெருமையில்தான் காண்கிறது. தன்னைப் பெரிதாக்கிக்கொள்வது, தன்னையே மையமாக்கிக்கொள்வது. 1960இல் வாலரி சேவிங் என்ற பெண் ஒரு கட்டுரை எழுதினார். இவர்கள் மனிதனின் அனுபவம் என்று எழுதியது ஆணின் அனுபவம் என்றார். பெண்ணின் சோதனை வேறு. தனக்கென்று ஒரு மையமே இல்லாமல் சில்லறையாகச் செலவழிந்துபோவது, பிறருக்காகத் தன்னைக் கரைத்துக் கரைத்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடுவது. அவர் சொல்லும் 'பெண்' எந்த வர்க்கத்துப் பெண், எந்த நிறத்துப் பெண் என்று பின்னால் கேள்விகள் வந்தன. சரியான கேள்விகள்தான். ஆனாலும் அந்தத் தாழ்ப்பாளை எனக்கு விளக்கியது அந்தக் கட்டுரை. இரண்டு வருடமாக யாரிடமும் எதுவும் கேட்காமல், எல்லாவற்றையும் நானே செய்து, அதை அன்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமையால் அல்ல, ஆள் தீர்ந்துபோய்த்தான் அன்று தாழ்ப்பாள் போட்டேன். என் குற்றத்தை இது கழுவிவிடாது. எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டியது, அவ்வளவுதான்.

வாசித்தவர்களில் எனக்குத் துணையாக நின்றவள் மக்ரீனா. நான்காம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியில் வாழ்ந்தவள். பெரிய குடும்பத்தின் மூத்த பெண், திருமணம் வேண்டாம் என்றவள். தம்பிகள் பசிலும் கிரகோரியும் ஆயர்கள், இறையியல் வரலாற்றில் பெரும்புள்ளிகள். இவள் தாயோடு இருந்தாள், தன் கையாலேயே தாய்க்கு அப்பம் சுட்டாள் என்று கிரகோரி எழுதியிருக்கிறார். இதுவரை கேட்டால் எங்கள் வீட்டுக் கதைதான். ஆனால் 379இல் அவள் சாகக் கிடந்தபோது பார்க்கப் போன கிரகோரி, மரணத்தைக் கண்டு அஞ்சும் மாணவனாகத் தன்னை வைத்து, அவளை 'ஆசிரியர்' என்றே அழைத்து, ஆன்மாவையும் உயிர்ப்பையும் பற்றி ஒரு உரையாடல் எழுதினார். மாவு பிசைந்த கைதான் மனிதர் என்றால் என்ன என்று ஆயருக்குக் கற்றுக்கொடுத்தது. வீட்டு அடிமைகளைச் சகோதரிகளாக நடத்தும்படி தாயை மாற்றியவளும் அவள்தான். கடவுளின் சாயலுக்கு நீ எத்தனை காசு விலை வைத்தாய் என்று கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அடிமை வைத்திருப்போரைக் கேட்கிறார். அக்காவின் சமையலறையிலிருந்து வந்த கேள்வி என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆதாரம் இல்லை.

அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருவார். அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உயர்த்தினேன், இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் மாமியாரும் படுக்கையில். அங்கே யார் பார்க்கிறார்கள் என்று கேட்டதற்கு, பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் பெயரைச் சொன்னார்.

தம்பிக்குப் போன் செய்தேன். "மாசத்துல பத்து நாள் நீ வந்து பாரு" என்றேன். அம்மாவைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகிறேன் என்றான். அங்கே போனால் பார்க்கப்போவது அவன் மனைவி. "அவ வேண்டாம், நீ வா" என்றேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "ஆம்பளைப் பையன் எப்படிக்கா அம்மாவைக் குளிப்பாட்ட முடியும்?" என்றான். நிஜமான தவிப்பு அது, எனக்கும் புரிந்தது. "நைட்டியோட ஸ்டூல்ல உக்கார வச்சு ஊத்து. அப்புறம் துண்டைப் போர்த்தி உள்ளே கைவிட்டு நைட்டியை உருவணும். வா, சொல்லித்தாரேன்" என்றேன். இரண்டு நாள் கூடவே நின்று காட்டிக்கொடுத்தேன். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டே தண்ணீர் ஊற்றினான்.

மூன்றாம் நாள் நான் மதுரைக்கு, ஒரு கருத்தரங்குக்குப் போனேன். மதியம் போன் வந்தது.

"அக்கா, அம்மா என் பேரைக் கேட்டுக்கிட்டே இருக்கா. சொல்லிட்டேன். யாரு வச்சாங்கா. நீங்கதாம்மான்னா, இல்லைன்னு தலையை ஆட்டுதா. அப்பான்னேன், அதுக்கும் இல்லைங்கா. சாப்பிட மாட்டேங்கா."

"ஏலே, பதில் மறந்துபோச்சா?" என்றேன்.

மறந்துபோச்சு என்றான். சொல்லிக்கொடுத்தேன். போனைக் கீழே வைத்துவிட்டு அவன் அம்மாவிடம் சொல்வது தூரத்தில் கேட்டது.