ராஜா ஜோடி

மல்லாட்டை வைத்துச் சீட்டாடியவர்கள் நாங்கள். வேர்க்கடலை என்று எழுதினால்தான் பிற மாவட்டத்தாருக்குப் புரியும் என்றாலும், திண்டிவனத்துக்காரர்களுக்கு அது எந்நாளும் மல்லாட்டைதான். ஓடு உடைக்காத காய் ஒன்று ஒரு ரூபாய்க்குச் சமம் என்பது எங்கள் மேசையின் நாணயக் கொள்கை. ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து கஜானாவை உடைத்துத் தின்றுவிடுவோம்.

மேசை இருந்தது பொம்மையார்பாளையத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பத்துக்கு வடக்கே உள்ள மீனவ ஊர். கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அங்கே வாடகைக்கு வீடு எடுத்திருந்தார். புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களில் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டிய பிறகு வடக்கே உள்ள ஊர்களின் மணற்பரப்பைக் கடல் தின்றுகொண்டே வருகிறது. நண்பரின் மாடியில் உட்கார்ந்தால் கடல் சற்று அதிகமாகவே பக்கத்தில் கேட்கும். கப்பலில் அவர் கற்றுவந்த ஆட்டம் போக்கர். அதிலும் 'லிமிட்' என்ற வகை. எங்களை இழுத்தது ஆட்டமல்ல, அந்தச் சொல்தான்.

ஏன் என்று சொல்வதற்கு 1987க்குப் போக வேண்டும். அப்போது எங்களில் மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு ஒன்பது. மாவட்டம் இன்னும் பிரியாத தென்னார்க்காடு. கமிட்டியில் மல்லாட்டை போட்டுவிட்டுப் பணத்தோடு வந்த அப்பா, ஒரு திண்ணையில் மூணு சீட்டு ஆட உட்கார்ந்தார். எதிரே இருந்தவர் வெளியூர் வியாபாரி. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மற்றவர்கள் விலகிய பின் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள். அப்பா சீட்டைப் பார்த்துவிட்டார். கையில் ராஜா ஜோடி. அந்த மனிதர் பார்க்கவே இல்லை. மூன்று சீட்டும் அவர் முன்னால் கவிழ்ந்தபடியே கிடந்தன.

மூணு சீட்டு அறிந்தவர்களுக்கு இதன் கொடூரம் விளங்கும். பார்த்து ஆடுபவர், பாராமல் ஆடுபவரைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும். அது மட்டுமா? பார்த்தவர் பாராதவரிடம் 'ஷோ' கேட்கக் கூடாது என்பது அந்தத் திண்ணையின் விதி. ஆகவே அப்பாவுக்கு இரண்டே வழிகள்: மடங்குவது, அல்லது கட்டிக்கொண்டே போவது. உச்சவரம்பு என்று ஒன்று கிடையாது. காசு தீர்ந்தது. பிறகு சைக்கிள். பிறகு ஏரிக்குக் கீழே இருந்த ஒரு காணி நிலம். அதற்குமேல் வைப்பதற்கு ஏதுமில்லாதபோதுதான் அந்த மனிதர் சீட்டைத் திருப்பினார். மூன்றும் டைமன்.

"அவன் சீட்டைத் தொடவே இல்ல." அந்த இரவைப் பற்றி அப்பா எங்களிடம் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான். அவர் இறந்த பிறகு அம்மா எங்கள் இருவரிடமும் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினாள். சீட்டுக்கட்டைக் கையால் தொடுவதில்லை என்று.

(சூது என்றதும் தருமரை இழுத்துவராத கட்டுரை தமிழில் அரிது. வள்ளுவருக்கும் 94ஆம் அதிகாரம் இருக்கிறது. இருவரையும் இங்கே தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுகிறோம்.)

பல வருடங்கள் கழித்து எங்களில் இளையவன் உட்கார்ந்து கணக்குப் போட்டான். மூன்று சீட்டுகள் 22,100 விதமாக விழலாம். அவற்றில் ராஜா ஜோடியை வெல்லக்கூடியவை, ஏஸ் ஜோடியையும் சேர்த்தால், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எதிராளி சீட்டைப் பார்க்காதவர். ஆகவே அவர் கையில் இருந்தது வெறும் தற்செயல். அப்படியானால் அப்பா பத்துக்கு ஒன்பது பங்கு சரியாகவே ஆடியிருக்கிறார். இந்தக் கணக்கு எங்களுக்கு ஆறுதல் தரும் என்று நினைத்தோம். தரவில்லை. முட்டாள்தனத்தால் போன நிலத்தை மன்னித்துவிடலாம். சரியாக ஆடிப் போன நிலத்தை என்ன செய்வது? 1968இல் உச்சநீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று வகைப்படுத்தி, மூணு சீட்டைத் தற்செயலின் பக்கம் ஒதுக்கியது. அந்தத் திண்ணையைப் பொறுத்தவரை நீதிபதிகள் சொன்னதில் பிழையில்லை.

லிமிட் போக்கரில் ஒரு கைக்கு உச்சவரம்பு உண்டு. முதல் இரண்டு சுற்றுகளில் பந்தயம் இரண்டு காய், கடைசி இரண்டு சுற்றுகளில் நான்கு. ஒரு சுற்றில் ஒரு பந்தயம், மூன்று ஏற்றம், அதற்குமேல் கிடையாது. கூட்டிப் பார்த்தால் ஒரு கையில் நாற்பத்தெட்டுக் காய்களுக்கு மேல் எவராலும் தோற்க முடியாது. ஒரு காணியை இழக்க இந்த ஆட்டத்தில் வழியே இல்லை! சத்தியத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே கை. ஏற்றுவதானால் இருவரும் சம்மதிக்க வேண்டும்; ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டாம். அம்மாவிடம் இதை நியாயப்படுத்த முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனாலேயே சொல்லவில்லை. கடற்கரைக்குப் போகிறோம் என்றதும் மணலில் வறுத்து ஒரு துணிப்பை நிறைய அவளே காய்களைக் கட்டிக் கொடுப்பாள்.

அந்த மாலை ஐந்தாவது நாற்காலியில் புதிதாக ஒரு பெரியவர் இருந்தார். "நம்ம தெருவுல வந்து தங்கியிருக்காரு, ஆட்டம் தெரியுமாம்" என்பதோடு நண்பர் அறிமுகத்தை முடித்துக்கொண்டார். அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் பொடி மட்டை. தனக்கு வந்த இரண்டு சீட்டுகளின் ஓரத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அவற்றின்மேல் ஒரு மல்லாட்டையை வைத்தார். அதன்பின் அவற்றைத் தொடவில்லை.

எங்களுக்கு வந்தவை இஸ்பேட் ராஜா, டைமன் ராஜா. 221 கைகளுக்கு ஒருமுறை வரும் ஜோடி. பெரியவர் நான்காக ஏற்றினார், நாங்கள் ஆறாக்கினோம். மற்றவர்கள் விலக, அவர் ஈடுகட்டினார். நடுவில் பதினைந்து காய்கள். முதல் மூன்று பொதுச் சீட்டுகள்: ஆர்ட்டினில் ஒன்பதும் ஆறும், கிளாவரில் இரண்டு. அவர் சும்மா இருந்தார். நாங்கள் இரண்டு வைத்தோம். உடனே அவர் நான்காக்கினார். "ஆறாக்குவோம்" என்றான் இளையவன். மூத்தவன் தலையசைக்கவில்லை. விதிப்படி ஈடு மட்டும் கட்டினோம்.

அறியாத எதிராளியைப் பற்றி ஒரு சொல். ராஜா ஜோடிக்கு எதிரே ஏதோ இரண்டு சீட்டு என்றால் நூறில் எண்பத்திரண்டு தடவை நமக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு சீட்டைப் பாராதவருக்குப் பொருந்துவது. பார்த்துவிட்டு ஏற்றியவரின் கை தற்செயல் அன்று. அது எந்த மாதிரிக் கை என்று ஊகிக்க அவரைப் பத்து ஆட்டமாவது கவனித்திருக்க வேண்டும். கவனித்திராதபோது சராசரி மனிதராக அவரை எடுத்துக்கொள்வதே முறை. அந்த வெற்றிடத்தில் நாமாக ஒரு முகத்தை ஒட்டிவிடக் கூடாது.

நான்காவது சீட்டு இஸ்பேட் ஏஸ். ராஜா ஜோடி வைத்திருப்பவன் காண விரும்பாத சீட்டு. ஐந்து பொதுச் சீட்டுக்குள் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் வந்தே தீரும். பெரியவர் நான்கு வைத்தார். கட்டினோம். கடைசிச் சீட்டு டைமன் மூன்று, ஒன்றுமில்லாத சீட்டு. மறுபடியும் நான்கு வைத்தார்.

நடுவில் முப்பத்தைந்து காய்கள். நாங்கள் கட்ட வேண்டியது நான்கு. பத்துக்கு ஒருமுறைக்குச் சற்றே அதிகமாக நாங்கள் வென்றால் போதும், கட்டுவது சரி. அவரிடம் ராணி ஜோடி இருக்கலாம், பத்து ஜோடி இருக்கலாம், ஆர்ட்டினுக்காகக் காத்திருந்து ஏமாந்த கையாகவும் இருக்கலாம். இதையெல்லாம் இளையவன் மூத்தவனின் காதில் சொன்னான். மூத்தவன் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அவன் பார்வை கவிழ்ந்து கிடந்த இரண்டு சீட்டுகளின் மேலும், அவற்றின் மீதிருந்த மல்லாட்டையின் மேலும் இருந்தது.

"அந்தாளு சீட்டைத் தொடவே இல்லடா" என்றான்.

அதற்குப்பின் இளையவனாலும் வாதாட முடியவில்லை. நான்கு காய்களுக்காக, ஒன்பது மடங்கு கிடந்த இடத்தில், இருவரும் சேர்ந்தே மடக்கினோம். எந்தப் பாடப் புத்தகத்திலும் பிழை என்றே எழுதியிருக்கும்.

பெரியவர் காய்களைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். சீட்டுகளைக் காட்டாமல் கட்டோடு கலந்துவிட்டார். அது அவர் உரிமை; மடக்கியவனுக்குக் கேட்கும் பாத்தியதை இல்லை. இருட்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு படியருகே நின்றவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ராஜா ரெண்டும் இருந்துச்சா தம்பி?"

"ஆமாங்க ஐயா."

ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்துக்கொண்டார். "அதான பார்த்தேன்" என்று சொல்லி இறங்கிப் போனார். உங்களிடம் என்ன இருந்தது என்று கேட்க எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

திண்டிவனம் வந்து சேரும்போது மணி பத்தரை. அம்மா விழித்திருந்தாள். துணிப்பையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"அத்தனையும் தின்னுட்டீங்களாடா?"

"ஆமாம்மா" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.